உற்சவர் வாய் திறக்கக் கூடாது

ஆண்டில் நான்கு நாள் எங்களுக்குக் கிராக்கி. ஜனவரி 4, லூயி பிரெயில் பிறந்த நாள். அக்டோபர் இரண்டாம் வியாழன், உலகப் பார்வை தினம். அக்டோபர் 15, வெண்கோல் தினம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். இந்த நாட்களில் சென்னையில் கண் தெரியாதவர்களுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்துவிடும். ஒரே காலையில் நான்கு மண்டபங்களில் விழா என்றால் ஆளுக்கு எங்கே போவது? நவம்பர் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பதற்றம்.

“சார், இருபது பேர் வேணும் சார். டோட்டல் பிளைண்டா இருந்தா நல்லது.”

“பத்துப் பேர் தேறும். மிச்சம் பத்து லோ விஷன்தான் கிடைக்கும்.”

“பரவாயில்ல சார், கூலிங் கிளாஸ் போட்டுச் சமாளிச்சுக்கலாம்.”

நான் பள்ளிக்கூட வாத்தியார். பிறவியிலேயே பார்வை கிடையாது. போதாததற்குப் பத்திரிகைக்கு எழுதுகிற கெட்ட பழக்கமும் உண்டு. வாத்தியார் என்பதால் என்னிடம் ஆள் கேட்கிறார்கள், பார்வை இல்லை என்பதால் மேடை ஏற்றுகிறார்கள், எழுதுகிறவன் என்பதால் மைக்கை மட்டும் தள்ளி வைக்கிறார்கள்.

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. என் போனிலிருக்கிற டாக்பேக் என்கிற திரைவாசிப்பான் அதைத் தடவிப் பார்த்து, ‘இமேஜ்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. பார்வையற்றோருக்காக நடக்கும் விழாவின் அழைப்பிதழ் படமாக வந்திருக்கிறது. அதை வாசிக்கப் பார்வையுள்ள ஒருவரைத் தேடிப் போனேன். பக்கத்து வீட்டுத் தம்பி வாசித்தான்: தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை. பெயர்களும் பட்டங்களும் தீர்ந்தபிறகு, எல்லாவற்றுக்கும் அடியில் பொடி எழுத்தில் எங்களுக்கென்று ஒரு வரி இருந்தது. ‘பயனாளிகள் காலை 8 மணிக்கே வந்துவிடவும்.’

இதே நிறுவனம் ஆண்டறிக்கையும் அனுப்பும். அது பாமினி எழுத்துருவில் இருக்கும். யூனிகோடில் அடித்தால் எங்கள் திரைவாசிப்பான் அழகாகத் தமிழ் பேசும். பாமினி என்றால், ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வேஷம் கட்டிய எழுத்துரு அது, வேஷத்துக்கு அடியில் இருப்பதைத்தான் மென்பொருள் வாசிக்கும். ‘அம்மா’ என்ற சொல், ‘எம் கே செமிகோலன் கே எச்’ என்று கேட்கும். முப்பது பக்க அறிக்கை முழுக்க இப்படித்தான். பார்வையற்றோர் மறுவாழ்வில் இந்த நிறுவனம் என்னென்ன சாதித்தது என்று பார்வையற்றவன் ஒருத்தனுக்கும் தெரியாதபடி, செமிகோலன் செமிகோலனாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

விழாவுக்கு வருவோம். எட்டு மணிக்கு வரச்சொன்ன பயனாளிகள் எட்டு மணிக்கு வந்துவிட்டார்கள். பத்து மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் பன்னிரண்டரைக்கு வந்தார். இடையில் ஒரு டீ கொடுத்தார்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. மேடைக்கு அழைத்துப்போனது இரண்டு தன்னார்வத் தம்பிகள். கண் தெரியாதவரை அழைத்துப்போக ஒரு முறை இருக்கிறது: அவர் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார், உங்கள் உடம்பு ஏறி இறங்குவதை வைத்தே படி எங்கே என்று தெரிந்துகொள்வார். எந்த மறுவாழ்வு மையத்திலும் இது முதல் நாள் பாடம். பார்வையற்றோருக்காகவே இத்தனை வருஷம் உழைத்த நிறுவனத்தின் தம்பிகளுக்கு அந்த முதல் நாள் இன்னும் வரவில்லை. ஆளுக்கொரு அக்குளில் கைவிட்டுத் தூக்கி, ‘படி சார், படி சார், இன்னொரு படி சார்’ என்று காதுக்குள் கத்திக்கொண்டே என்னை மேடையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

கையில் ஒரு கோல் வந்தது. நான்காக மடிகிற அலுமினியக் கோல். கோலின் உயரம் அதை ஊன்றுகிறவரின் நெஞ்செலும்பு வரை இருக்க வேண்டும். உயரத்துக்குத் தக்க வெவ்வேறு அளவில் கடையில் கிடைக்கவும் செய்கிறது. இங்கே எட்டாம் வகுப்புப் பையனுக்கும் ஆறடிப் பட்டதாரிக்கும் ஒரே அளவு, மொத்தமாக வாங்கினால் விலை குறைகிறது. என் வீட்டுப் பரணில் இப்படிச் சேர்ந்த கோல்கள் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. இந்தக் கோலோடு நான் தெருவில் இறங்கினால் முதல் பத்தடியில் நடைபாதையை மறித்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. அதை எடுக்கச்சொல்லி மனுப் போட ஒரு நிறுவனத்தையும் காணோம். டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்து படம் எடுத்தால் நன்றாக இராது போலிருக்கிறது.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. “சார், ஸ்டிக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, பின்னாடி பேனர் மறையுது. இந்தப் பக்கம் பாருங்க சார்.” எந்தப் பக்கம்? “இந்தப் பக்கம் சார்.”

படம் முடிந்து இறங்கும் முன் கையில் பேனாவைத் திணித்து விரலைக் காகிதத்தில் வைத்தார்கள்.

“இங்க ஒரு சைன் சார்.”

“என்ன எழுதியிருக்கு?”

“ஸ்டிக் வாங்கிக்கிட்டதுக்கு சார்.”

“தொகை எவ்வளவு போட்டிருக்கு?”

“அது பிளாங்க்கா இருக்கு சார். ஆபீஸ்ல ஃபில் பண்ணிப்பாங்க.”

நான் போடவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் போட்டார்கள். கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திண்டிவனத்திலிருந்து விடிகாலைப் பஸ் பிடித்து வந்தவர்கள், சாப்பாட்டு டோக்கன் அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான்.

பிறகு சிறப்புரை. ‘இவர்களுக்குப் புறக்கண் இல்லை, அகக்கண் இருக்கிறது’ என்று விருந்தினர் தொடங்கினார். அகக்கண்ணுக்கு வங்கியில் ஏடிஎம் அட்டை தருகிறார்களா, வீட்டுக்காரர் வாடகைக்கு வீடு தருகிறாரா என்று எனக்குக் கேட்க வேண்டியிருந்தது. மைக் அவரிடம் இருந்தது. நடுவில் எல்லோரையும் ஒரு நிமிடம் கண்ணை மூடச்சொன்னார். மூடினார்கள். ‘எவ்வளவு கொடுமையாக இருக்கிறது பாருங்கள்!’ என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது. நாங்கள் இருபது பேர் அந்தக் கொடுமைக்கு நடுவில் பிரியாணி எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தோம். நினைவுப் பரிசாக எனக்குக் கிடைத்தது சட்டம் போட்ட ஒரு இயற்கைக் காட்சி. அருவியாம். பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துச் சொன்னான்.

கோயிலில் உற்சவருக்கு என்ன குறை? குளிப்பாட்டுகிறார்கள், பட்டு உடுத்துகிறார்கள், தோளில் சுமந்து நாலு வீதியும் சுற்றிவருகிறார்கள். வசூலெல்லாம் அவர் பெயரில்தான். உண்டியல் எண்ணுகிற அறைக்கு மட்டும் அவரைத் தூக்கிப்போவதில்லை. அப்படிப் பவனி வருகிற உற்சவர் ஒரு நாள் தெற்கு வீதி முக்கில் வாயைத் திறந்து, ‘தர்மகர்த்தா அவர்களே, போன வருஷக் கணக்கை ஒருதரம் வாசியுங்களேன்’ என்று கேட்டால் என்ன ஆகும்? பக்தர்கள் மெய்சிலிர்ப்பார்கள். பல்லக்கைப் போட்டுவிட்டு ஓடப்போகிறவர் தர்மகர்த்தாதான். பார்வையற்றோர் நல அமைப்புகளில் நாங்கள் இருக்கிற இடம் அந்தப் பல்லக்கு.

பணம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்துமதிப்போ உள்ள கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலில் இருந்து நடைமுறை. நல்ல சட்டம்தான். ஆனால் கம்பெனிக்கு மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு வேண்டும், படம் வேண்டும், எண்ணிக்கை வேண்டும். ‘இருநூறு பேருக்குக் கோல் கொடுத்தோம்’ என்பது எண்ணிக்கை. ‘ஒரு பெண்ணுக்கு ஆறு மாதம் உட்கார்ந்து தனியாகப் பஸ் ஏறி இறங்கக் கற்றுக்கொடுத்தோம், அவள் இப்போது யாரையும் கேட்காமல் வேலைக்குப் போகிறாள்’ என்பது எண்ணிக்கையே இல்லை, வெறும் ஒன்று. அதிலும் அந்த ஒன்று அடுத்த வருஷம் பயனாளியாக வராது. தொழில் தெரிந்த எந்த நிர்வாகியும் தன் கைமுதலை இப்படி அவிழ்த்துவிட மாட்டார். தனிநபர் நன்கொடைக்கு 80ஜி ரசீது இருக்கிறது, பாதித் தொகைக்கு வரிவிலக்கு. புண்ணியம் முழுத் தொகைக்கும்.

பார்வையற்றோருக்கு நல்லது செய்கிறவர்கள் பார்வையற்றவரைக் கேட்காமலே செய்வது புதிதும் அல்ல, நம் ஊர்ச் சரக்கும் அல்ல. பாரீஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று நடந்த பள்ளியில், ஒரு மாணவன் பதினைந்து வயதில் ஆறு புள்ளிகளை வைத்து ஓர் எழுத்துமுறையை அமைத்தான். வருஷம் 1824. லூயி பிரெயில். அதுவரை அங்கே பார்வையுள்ளவர்களின் எழுத்தையே பெரிதாகப் புடைக்க அச்சடித்து, விரலால் தடவிப் படி என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படிக்க முக்கால் நாள் ஆகும், திருப்பி எழுதவே முடியாது. பிள்ளைகள் ஆறு புள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். 1840இல் துஃபோ என்று ஒரு இயக்குநர் வந்தார். பார்வையுள்ள ஆசிரியர்களுக்குப் புரியாத எழுத்து எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, பிரெயிலைத் தடைசெய்தார். அதைக் கண்டுபிடித்தவர் அதே பள்ளியில் ஆசிரியராக இருக்கும்போதே! பிள்ளைகள் ஒளித்துவைத்து எழுதினார்கள், பிடிபட்டால் தண்டனை. 1844இல் துஃபோவின் உதவியாளர் தலையிட்டுப் பேசிய பிறகுதான் தடை போனது. பிரான்ஸ் அந்த எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். பிரெயில் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இன்று ஜனவரி 4 அன்று அவர் படத்துக்கு மாலை போடுகிற நிர்வாகிகளில் எத்தனை பேர் துஃபோவின் வாரிசு என்று எனக்குத் தெரியும். அலுவலகக் கதவில் பிரெயில் பலகை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாலே போதும்.

எங்களுக்கு என்ன தேவை என்பதை எங்களைத் தவிர எல்லோரும் அறிவார்கள். இஞ்சினியரிங் கல்லூரிகளில் ஆண்டுதோறும் கடைசி வருஷ மாணவர்கள் ‘ஸ்மார்ட் ஸ்டிக்’ கண்டுபிடிக்கிறார்கள். கோலில் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ஆர்டுயினோ பலகை, ஒரு பேட்டரி. எதிரில் ஏதாவது வந்தால் பீப் அடிக்கும். தி.நகரில் எதிரில் ஏதாவது வராத இடம் எது? கடையிலிருந்து கடைவரை பீப் அடித்துக்கொண்டே போகும். தொங்குகிற கம்பியும் திறந்து கிடக்கிற மழைநீர் வடிகாலும் அதற்குத் தெரியாது. தொண்டு நிறுவனம் எங்களில் ஒருவரைப் பிடித்து அந்தக் கோலோடு நடக்கவிடும், மாணவருக்கு மதிப்பெண், கல்லூரிக்குச் செய்தி, நிறுவனத்துக்கு ‘தொழில்நுட்பக் கூட்டாளர்’. நடந்தவர் ‘தம்பி, இதைவிடச் சாதாரணக் கோலே தேவலை’ என்று சொன்னால் அது அறிக்கையில் வராது.

ஆகஸ்ட் 25இலிருந்து செப்டம்பர் 8 வரை கண்தான இருவார விழா. அப்போதும் நாங்கள் வேண்டும். கையில் பதாகை கொடுத்து மெரினாவில் நடக்கவிடுவார்கள். தானமாக வருவது கருவிழி. கருவிழி கெட்டுப்போய்ப் பார்வை போனவர்களுக்கு அது வரப்பிரசாதம், சந்தேகமில்லை, எல்லோரும் எழுதிக்கொடுங்கள். ஆனால் விழித்திரை போனவருக்கும் பார்வை நரம்பு போனவருக்கும் கருவிழியால் ஒன்றும் ஆகாது. பதாகை பிடித்து நடக்கிற கூட்டத்தில் பாதிப்பேர் இந்த வகை என்று நடத்துகிறவருக்குத் தெரியும். தெருவில் நின்று பார்க்கிற ஜனத்துக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே கடைத்தெருவில் ஒரு பாட்டி என் கன்னத்தைத் தடவி, “கவலைப்படாத ராசா, யாராச்சும் செத்தா உனக்குக் கண்ணு கெடைக்கும்” என்று ஆறுதல் சொல்வாள். நான் யார் சாவுக்கும் காத்திருக்கவில்லை பாட்டி. பதவி உயர்வுக்குத்தான் காத்திருக்கிறேன். அதற்கு எந்த ஊர்வலமும் கிடையாது.

இந்த நிறுவனங்களுக்குள்ளே எங்களுக்கு வேலையே இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. வாசலில் டெலிபோன் எடுக்க ஒருவர், விழா தொடங்கும்போது இறைவணக்கம் பாட ஒருவர், பின்கட்டில் மெழுகுவத்தி ஊற்றவும் நாற்காலிக்கு வயர் பின்னவும் சிலர். அந்த நாற்காலியில் உட்காரத்தான் ஒருத்தரும் இல்லை. பெண்கள் விடுதி என்றால் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டு. முப்பது வயதுப் பட்டதாரிப் பெண் நகப்பூச்சு வாங்கி வந்தால், ‘கண்ணு தெரியாத உனக்கு இது எதுக்கு’ என்று கேட்க ஒரு வார்டன். அதே பெண்ணைச் சுயம்வர விழா மேடையில் பட்டுப்புடவையில் நிறுத்திப் படம் எடுக்கும்போது நகப்பூச்சை நிறுவனமே போட்டுவிடும்.

ஒரு நிறுவனம் என்னை ‘மதிப்புறு ஆலோசகர்’ ஆக்கியது. கடிதத் தாளில் பெயர் போட்டார்கள். ஆலோசனை கேட்டு ஒருநாளும் ஒருவரும் வரவில்லை என்பதால், ஒரு கூட்டத்தில் நானே எழுந்து இரண்டு கேள்வி கேட்டேன். செயற்குழுவில் பார்வையற்றவர் எத்தனை பேர்? சம்பளம் வாங்குகிறவர்களில் பார்வையற்றவர்கள் எத்தனை பேர், அதிகபட்சம் எவ்வளவு? கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இயக்குநர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் சார். குடும்பத்துல கணக்கு பார்ப்பாங்களா?” என்றார். குடும்பத்தில்தான் அம்மா பார்ப்பார்கள், பாகப் பிரிவினைக்குக் கோர்ட்வரை போவார்கள் என்றேன். அன்று இரவு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். கடிதத் தாளில் பெயர் இன்னும் இருப்பதாகக் கேள்வி. பார்வையற்ற ஆலோசகர் ஒருவர் இருந்தால் திட்ட வரைவுக்கு மதிப்பெண் கூடுமாம்.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் வந்தது. இந்தியா 2007இல் ஏற்பளித்தது. அதன் நான்காவது பிரிவு, எங்களைப் பற்றிய எந்த முடிவையும் எங்கள் அமைப்புகளைக் கலந்து எடுக்க வேண்டும் என்று அரசாங்கங்களுக்குச் சொல்கிறது. தொண்டு நிறுவனங்களுக்கு அந்தக் கட்டளை இல்லையே என்று எங்கள் நிர்வாகிகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தமிழக அரசு 2025இல் சட்டத்தைத் திருத்தி ஊராட்சியிலும் நகராட்சியிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்தது. ஆக, குடிநீர்க் குழாய் பற்றியும் தெருவிளக்கு பற்றியும் முடிவெடுக்க எனக்குத் தகுதி வந்துவிட்டது. பார்வையற்றோர் நலத்தைப் பற்றி முடிவெடுக்கத்தான் இன்னும் வரவில்லை.

காரியம் நடந்தது எங்கேயெல்லாம் என்று பார்த்தால் இன்னும் எரிகிறது. பார்வையற்றவர் நீதிபதி ஆகக்கூடாது என்று மத்தியப் பிரதேசத்தில் ஒரு விதி இருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 3 அன்று தூக்கி எறிந்தது. அந்த வழக்கு தொடங்கியது, நீதிபதித் தேர்வெழுத விரும்பிய பிள்ளையின் தாய் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்தில். வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டு என்று கேட்கிற கேஒய்சி கூத்துக்கு எதிராக, அமில வீச்சில் முகம் சிதைந்த பெண்களும் ஒரு பார்வையற்ற வழக்கறிஞரும் வழக்குப் போட்டார்கள். இணையவழிச் சேவைகளை எல்லோரும் பயன்படுத்த முடிவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. கண் சிமிட்டச் சொன்ன வங்கிகளிடம் சமூகப் பொறுப்பு நிதி வாங்கிக் கோல் கொடுத்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் கொண்டாட ஒரு கருத்தரங்கம் வைத்தார்கள். அழைப்பிதழ் படமாக வந்தது.

நியாயமாகவும் பேச வேண்டும். பார்வையற்றவர்களே நடத்துகிற அமைப்புகள் சண்டை போட்டிருக்கின்றன. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டம் கொடுத்த 3 சதவீத வேலை ஒதுக்கீட்டை, எங்களுக்கு உகந்த பதவி என்று தானே பொறுக்கிவைத்த நாலு பதவிக்குள் அடக்கி மத்திய அரசு கணக்குக் காட்டியது. தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு கடைசிவரை வழக்காடி, மொத்தக் காலியிடங்களில் கணக்கிடு என்று 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிக்கொடுத்தது. அதே 2013இல் சென்னையில் பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள்; போலீஸ் வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். கண் தெரியாதவனைத் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டுப் போவதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அச்சில் போடக்கூடிய பெயர் கிடைக்கவில்லை. சாலையில் உட்கார்ந்தவனுக்கு 80ஜி ரசீது கிடையாது. ஆனால் இன்று நான் வாங்குகிற சம்பளத்தில் அவனுடைய பங்கு இருக்கிறது.

அப்படியானால் ‘பார்வையற்றோருக்காக’ நடப்பதை மூடிவிட்டு ‘பார்வையற்றோரே’ நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் அந்தக் கணக்கை எண்பது வருஷத்துக்கு முன்பே போட்டுப் பார்த்தார்கள். அங்கே பார்வையற்றோர் பட்டறைகளில் துடைப்பமும் மெத்தையும் செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று 1938ஆம் வருஷச் சட்டமே அனுமதித்திருந்தது. அந்த ஓட்டை இன்னும் முழுசாக அடைபடவில்லை. 1940இல் ஜேக்கபஸ் டென்ப்ரூக் என்ற பார்வையற்ற சட்ட அறிஞரும் அவருடைய தோழர்களும் சேர்ந்து, எங்களுக்காக யாரும் பேச வேண்டாம், நாங்களே பேசுகிறோம் என்று ஒரு தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். இருபது வருஷம் ஆனது. தலைமையை எதிர்த்துப் பேசியவர்கள் ஒதுக்கப்பட்டார்கள், வெளியே போனார்கள், 1961இல் இன்னொரு அமைப்பு பிறந்தது. அந்தப் பழைய கூட்டமைப்பின் பயிற்சி மையங்களில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்கள் 2020 டிசம்பரில் பொதுவெளியில் வாய் திறந்தபிறகு, தலைமை பகிரங்க மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நாற்காலிக்குக் கண் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமெல்லாம் இல்லை. உட்கார்ந்தவரை அது விடாது.

எங்கள் ஊரில் எங்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. முழுக்க எங்கள் ஆட்கள். தலைவர், நான் கல்லூரியில் சேரும்போதும் தலைவர், என் மகன் கல்லூரியில் சேர்ந்தபோதும் தலைவர். செயலாளருக்குக் கொஞ்சம் பார்வை உண்டு, அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு சங்கத்தில் அவர் எடுத்த உயரம் கொஞ்சநஞ்சமல்ல. காசோலை அவர் வாசிப்பார், கடிதம் அவர் வாசிப்பார், அரசாணையில் என்ன இருக்கிறது என்பது அவர் சொல்வதுதான். போன பொதுக்குழுவில் நிர்வாகிகள் தேர்தல் வந்தது. இந்த நாட்டின் வாக்கு இயந்திரத்தில் பிரெயில் எண் இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போகத் தேர்தல் விதியில் இடம் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் எப்படித் தேர்தல் என்று கேட்டேன்.

“வழக்கம்போலத்தாங்க. கை தூக்குறதுதான்” என்றார் செயலாளர்.

முந்நூறு பார்வையற்றவர்கள் கூடிய மண்டபத்தில் கை தூக்கித் தேர்தல்! யார் தூக்கினார்கள், எத்தனை பேர் தூக்கினார்கள் என்பது அந்த மண்டபத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேட்பாளரும் கூட.

“பேர் கூப்பிடுங்க, அவங்கவங்க வாயால சொல்லட்டும். இல்லாட்டி பிரெயில்ல சீட்டு அடிங்க” என்றேன்.

தலைவர் மைக்கை வாங்கினார். “நமக்குள்ள நம்பிக்கை இல்லாம போயிட்டா வெளில இருக்கிறவன் நம்மள மதிப்பானா தம்பி? ஒற்றுமை முக்கியம். இப்ப பேசுனது யாரு, பேரைச் சொல்லுங்க.”

பெயரைச் சொன்னேன். “எழுதிக்கோங்க” என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் சட்டையை இழுத்து, “உக்காருங்க சார், அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாண உதவித்தொகை வரவேண்டியிருக்கு, என்னையும் சேர்த்து எழுதிரப் போறாங்க” என்று காதில் சொன்னார். நான் உட்கார்ந்தேன். செயலாளர், “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க” என்றார். துணிச் சரசரப்பு கேட்டது. கையா, துண்டை உதறினார்களா தெரியாது. “பெரும்பான்மை” என்றார். கைதட்டல். பழைய நிர்வாகமே அடுத்த மூன்று வருஷத்துக்கு.

தேர்வு ஏகமனதாக நடந்தது என்று மினிட் புத்தகத்தில் எழுதியிருக்கிறதாம். சங்க உறுப்பினர் யார் வேண்டுமானாலும் அலுவலக நேரத்தில் வந்து அதைப் பார்வையிடலாம் என்று விதி 14 சொல்கிறது. போனேன். இருநூறு பக்க நோட்டு, பால்பாயிண்ட் பேனாவில் கையெழுத்து. படித்துக்காட்ட ஆள் இருக்கிறதா என்று கேட்டேன். செயலாளர் வந்துதான் படிக்க வேண்டும், அவர் டிசம்பர் விழா வேலையாக வெளியே போயிருக்கிறார் என்றார்கள்.